வெட்டி எறிந்த காகிதப்பூத் தூர்

வணக்கம். என் கையில் இருக்கும் இந்தக் கட்டையைச் சற்று அருகில் காட்டுகிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டிப் பல ஆண்டுகள் வேலியாக நின்று, சாக்கடை வேலைக்காக நேற்று வெட்டிக் குப்பையோடு போடப்பட்ட காகிதப்பூச் செடியின் தூர் இது. வீட்டுக்காரரிடம் கேட்டேன், "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், முள் மட்டும் பார்த்து" என்றார். யார் வீட்டுக் குப்பையானாலும் கேட்டு எடுப்பதே முறை.

இதன் அடிப்பகுதி என் மணிக்கட்டைவிடப் பருமனாக இருப்பதைப் பாருங்கள். தொட்டிக்குள் வேர் அடைபட்டு வளரும் செடியின் தண்டு மிக மெதுவாகவே பருக்கும் என்பதால், மரங்களைத் தொட்டியில் குட்டையாக, போன்சாயாக வளர்ப்பவர்கள் ஏங்குவது இப்படிப்பட்ட அடிமரத்துக்குத்தான். ஜப்பானியர்கள் மலைகளிலிருந்து தோண்டி எடுக்கும் மரத்தை யமடோரி என்பார்கள். நாம் அதற்காகக் காட்டில் கை வைக்கவே வேண்டாம். காகிதப்பூ, கொடுக்காப்புளி என்று வேலிச் செடிகள் நம் தெருமுனையிலேயே வந்து கிடக்கின்றன.

கொண்டுவந்தவுடன் வேரை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தேன். காகிதப்பூவின் வேர் எளிதில் ஒடியும். அதனால் மண்ணை உதறாமல் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். நைந்த வேர் நுனிகளைக் கூர்மையான கத்தரியால் நறுக்கினேன். கிளைகளைக் கவாத்து செய்து, தண்டை ஓரடி உயரத்துக்கு அறுத்திருக்கிறேன். இதன் மரம் மென்மையானது, வெட்டுவாயில் நீர் தங்கினால் உள்ளே அழுகிக் குடைந்துவிடும் என்பதால், அங்கே பூஞ்சைக்கொல்லிப் பசையைத் தடவியிருக்கிறேன். நடுவதற்குப் பொடித்த செங்கல் சல்லியும் பருமணலும் பாதிக்கும் மேல் இருக்க, மீதிக்குத் தென்னை நார்க்கழிவைக் கலந்திருக்கிறேன். இப்போதைக்கு உரம் எதுவும் கிடையாது.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் சென்ற ஆண்டு இதைவிட அழகான ஒரு தூரை நான் இழந்தது இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவது வாரத்தில் அதில் செந்நிறத் துளிர்கள் வந்தன. பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து, ஈரம் போகாமல் இருக்க மூடியிருந்த பாலித்தீன் உறையை எடுத்துவிட்டு, வெயிலில் வைத்து உரமும் இட்டேன். நான்கே நாட்களில் துளிர் முழுவதும் வாடிச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு புது வேர்கூட இல்லை. தண்டில் சேர்ந்திருந்த மாவுச்சத்தைக் கொண்டே அந்த இலைகள் வந்திருந்தன. வேர் இல்லாத செடி, வெயிலில் இலை இழக்கும் நீருக்கு எங்கே போகும்?

ஆகவே இம்முறை, துளிர் நீண்டு, அதன் அடி பச்சை மாறி மரமாக முற்றும்வரை உறையைக் கழற்றப் போவதில்லை. அதற்கு இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதன்பின் உறையில் முதலில் சிறு துளைகள் இட்டு, நாளுக்கு நாள் அவற்றைப் பெரிதாக்கி, வெளிக்காற்றுக்குப் பழக்குவேன். அதுவரை தூரை அசைத்துப் பார்க்கவும் கூடாது. மயிரிழைபோல் விடும் புது வேர்கள் ஓர் அசைவில் அறுந்துவிடும். அதற்காகவே இதோ, கயிற்றால் தொட்டியோடு சேர்த்துக் கட்டுகிறேன். கம்பி சுற்றி வடிவம் கொடுப்பதெல்லாம் அடுத்த ஆண்டு வேலை.

உறையை மூடிவிட்டேன். கிழக்குப் பார்த்த இந்தத் திண்ணையின் நிழலில்தான் இது இருக்கும். உறையின் உட்புறம் நீர்த்துளிகள் படிகின்றனவா என்பதைத் தினமும் காலையில் பார்த்துவருவேன்.