சிவந்த கண் சொல்லும் சேதி

வணக்கம் நேயர்களே. மூன்று ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பு வீட்டு அம்மணி ஒருவர் கூண்டோடு என்னிடம் வந்தார். கடையில் ஜோடி என்று சொல்லிக் கொடுத்த இரண்டு லுட்டினோ காக்டெயில்கள், அதாவது கொண்டை வைத்த சிறு கிளிகள். லுட்டினோ என்பது சிவந்த கண்ணுள்ள வெளிர்மஞ்சள் நிற வகை. 9 முட்டைகள் இட்டும் ஒன்றுகூடப் பொரியவில்லை. 21 நாளில் பொரிந்திருக்க வேண்டியவை. வால் இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெண்ணுக்கு அடையாளமான அடிப்புறத்து மஞ்சள் பட்டைகள் இரண்டுக்குமே இருந்தன. இரண்டும் பெண்!

சாம்பல் காக்டெயிலில் இந்தத் தொல்லை இல்லை. முதல் இறகு உதிர்ப்புக்குப் பின் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். கருமை நிறமி இல்லாத லுட்டினோவில் அந்த வேறுபாடு எடுபடாது.

ஆனால் பெற்றோரின் நிறம் தெரிந்தால் குஞ்சிலேயே சொல்லிவிடலாம். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெண்ணுக்கு ஒன்றுதான், கூட ஒரு டபிள்யூ. லுட்டினோ, முத்துப் புள்ளியுள்ள பேர்ல், பழுப்பான சின்னமன் ஆகிய நிறங்களின் மரபணுக்கள் இசட்டில் இருக்கின்றன. ஆணுக்கு இரண்டிலும் இருந்தால்தான் நிறம் வெளிப்படும். ஒன்றில் மட்டும் இருந்தால் சாம்பலாகவே தெரியும். அதைத்தான் ஸ்ப்ளிட் என்கிறோம். பெண்ணிடம் மறைந்திருக்க இடமே இல்லை. லுட்டினோ ஸ்ப்ளிட் பெண் என்று யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள்.

லுட்டினோ ஆணைச் சாம்பல் பெண்ணுடன் சேர்த்தால் மகள்கள் அனைவரும் லுட்டினோ, மகன்கள் அனைவரும் சாம்பல். கண் திறக்கும் முன்பே இமைத்தோலுக்கு அடியில் சிவப்புத் தெரிந்தால் மகள், கருமை தெரிந்தால் மகன். ஜோடியை மாற்றிப் போட்டால் இந்த அடையாளம் கிடைக்காது. குஞ்சுகள் எல்லாமே சாம்பலாகிவிடும்.

பேர்ல் பற்றி ஒரு வார்த்தை. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து சில மாதங்களில் மயிலையாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பேர்ல் ஆணும் முதல் இறகு உதிர்ப்பில் தன் முத்துப் புள்ளிகளை இழந்து சாம்பலாகிவிடும். நோய் என்று பயந்து விற்றுவிடாதீர்கள். பெண்ணுக்கு அந்த முத்துகள் ஆயுள் முழுவதும் நிலைக்கும்.

லுட்டினோவுக்கு லுட்டினோ என்றே தலைமுறைதோறும் சேர்ப்பது எனக்குப் பெரிய வருத்தம். கொண்டைக்குப் பின்னே வழுக்கை விழுந்த குஞ்சுகளை அப்படித்தான் பெருக்கிவிட்டோம்.

அம்மணியின் இரண்டு பெண்களுக்கும் சாம்பல் ஆண்களைத் தேடிக் கொடுத்தேன். ஸ்ப்ளிட்டாகப் பிறந்த மகன்களில் ஒன்றை அவர் வேறு வீட்டுச் சாம்பல் பெண்ணுடன் சேர்த்தார். இந்தத் தை மாதம் 4 குஞ்சுகள். அவற்றில் ஒன்றுக்குக் கண் சிவப்பு. அது மகள்தான் என்று, நான் கேட்பதற்கு முன்பே, தொலைபேசியில் சொன்னார்.