மால் விழுந்தது செல்போனால இல்ல

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தப் பனியிலயும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கிற கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம். அமெரிக்காவுல ஊருக்கு வெளிய கட்டுன பெரிய பெரிய மால் எல்லாம் காலியாப் போச்சே, அதுக்குக் காரணம் ஆன்லைன் வியாபாரமா, மாலோட அமைப்பான்னு தலைப்பு. அமைப்புதான்னு சொல்ல வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? ஒஹையோவுல ராண்டால் பார்க் மாலை இடிச்ச எடத்துல 2018ல அமேசான் கிடங்கு வந்துருச்சு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னாரு, நீங்களும் கை தட்டுனீங்க. அண்ணே, அந்த மாலை 2009லயே மூடிட்டாங்க. சரி, அதுவும் ஆன்லைன் காலம்தான்னே வச்சுக்குவோம். இல்லினாய்ஸ் ஹார்வியில டிக்ஸி ஸ்கொயர்னு ஒரு மால், 1966ல தொறந்தாங்க, 1978ல மூடிட்டாங்க, பன்னெண்டே வருஷம். அமேசான் ஆரம்பிச்சதே 1994ல. பொறக்காத புள்ள மேல கொலைப்பழி போடலாமாண்ணே?

அப்ப எதுனால விழுந்துச்சு? விக்டர் க்ரூன்னு வியன்னாவுல பொறந்த ஒரு கட்டடக்காரர், 1956ல மினசோட்டா எடினாவுல சவுத்டேல்னு மேல மூடி போட்ட மாலைக் கட்டுனாரு. வெளிய கொட்டுற பனிக்கு உள்ள கதகதன்னு நடக்கலாம், அந்த சொகத்தை நான் கொறை சொல்லல. ஆனா அவரு போட்ட பிளான்ல வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, பார்க் எல்லாம் இருந்துச்சு, ஒரு ஊரையே நெனைச்சாரு மனுஷன். கட்டுனது மாலும் அதைச் சுத்தி கார் நிறுத்துற எடமும்தான். கடைசி காலத்துல அவரே இதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு ஒதுங்கிட்டாரு.

இன்னொண்ணு, 1954ல அங்க வரிச் சட்டத்தை மாத்துனாங்க, புதுக் கட்டடத்துக்கு மொத வருஷங்கள்லயே தேய்மானத்தை, அதாவது கட்டடம் பழசாகி மதிப்பு கொறையறதை, நெறைய செலவாக் கணக்கு எழுதிக்கலாம்னு, அவ்ளோதான், ஆள் வருதோ இல்லையோ வரி மிச்சம்னு பணக்காரங்க மால் மேல மால் கட்டுனாங்க, ஜனம் அவ்ளோ இல்ல, கடை மட்டும் பெருகிப்போச்சு.

முக்கியமானது இனிமேதான் சொல்லப்போறேன். மாலுக்கு ரெண்டு மூணு பெரிய கடைதான் தூண். அங்க ஊர் ஊருக்குக் கிளை வச்சிருந்த சியர்ஸ் மாதிரி. சின்னக் கடைக்காரங்க அக்ரிமெண்ட்லயே எழுதிக்குவாங்க, பெரிய கடை போயிட்டா எங்க வாடகையைக் கொறைக்கணும், இல்லன்னா நாங்களும் காலி பண்ணிக்குவோம்னு. அப்ப ஒரு தூண் சாஞ்சா வாடகை போகுது, வாடகை போனா லைட்டு, ஏசி, காவலாள் எதுக்கும் காசில்ல, அடுத்த கடை போகுது. சியர்ஸ் 2018ல திவால் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனப்ப எத்தனை மாலுக்கு வயித்தக் கலக்கியிருக்கும்!

நம்ம போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தையைப் பாருங்க. ஆடு, கோழி, காய்கறி, துணின்னு எல்லாம் இருக்கு, தூண் எதுவும் இல்ல. எங்கப்பா அங்க துணி விரிச்சு விக்கிறவரு. கால் ஒடஞ்சு மூணு மாசம் போகல. பக்கத்துல இருந்த யாருக்கும் வியாபாரம் படுக்கல ஐயா. வெங்காயக்காரம்மா ரெண்டு மூட்டையை அப்பா எடத்துல தள்ளி வச்சுக்கிட்டாங்க, அவரு கம்பு ஊனிக்கிட்டு வந்த அன்னைக்கு மூட்டையை இழுத்துட்டு எடம் விட்டாங்க.

நன்றி ஐயா, வணக்கம்.