121 தோல்விக்குப் பிறகும் ஒயிட் சாக்ஸ்தான்!

வணக்கம் மக்களே! வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். என் அணி சிகாகோ ஒயிட் சாக்ஸ். அக்கா கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனதிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

2024ல் இந்த அணி ஆடிய 162 ஆட்டங்களில் 121ல் தோற்றது. 1900க்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஒரே சீசனில் இத்தனை தோல்வியைப் பார்த்த அணி வேறு கிடையாது. அதற்கு முன்னால் 1962ல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் உச்சம். ஜூலையில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றார்கள். விடிந்ததும் போனை எடுத்து ஸ்கோர் பார்க்கவே கை வராது.

"ஏன்டா, ஜெயிக்கிற டீம் ஒன்றுமே அங்கே இல்லையா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

எனக்கு நம்பிக்கை கொடுப்பது அந்த 2024 சீசனின் கடைசி வாரம். 120 தோல்வி ஆகிவிட்டது. இன்னும் ஒன்று தோற்றால் நவீன வரலாற்றிலேயே மோசமான அணி என்ற பெயர். மீதி 6 ஆட்டம். ஜெயித்தாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை, பிளேஆஃப் கனவு எப்போதோ போய்விட்டது. சொந்த மைதானத்தில் ரசிகர்கள் "அணியை விற்றுவிடு" என்று உரிமையாளரைப் பார்த்துக் கத்துகிறார்கள். அந்த நிலைமையில் ஏஞ்சல்ஸ் அணியோடு நடந்த 3 ஆட்டத்தையும் ஜெயித்தார்கள்! அப்புறம் டெட்ராய்ட் போய் 121வது தோல்வி வந்தது. சரி, கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அடுத்த இரண்டு ஆட்டத்தையும் அதே டெட்ராய்டில் ஜெயித்தார்கள். கடைசி 6ல் 5 வெற்றி. கேவலப்பட்டு நின்ற நாளிலும் ஆட்டத்தை ஆட்டமாக ஆடினார்கள். அதைப் பார்த்த பிறகு இந்த அணியை நான் எப்படி விடுவேன்?

கத்திய ரசிகர்கள் மேலேயும் எனக்கு வருத்தம் கிடையாது. நம்பிக்கை வைக்கிறவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நிர்வாகத்தின் மேல் கோபம் வேறு, மைதானத்தில் நிற்கிற பையன்கள் மேல் இருக்கும் பாசம் வேறு.

நம் ஊர் ஆட்கள் இந்த விளையாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி20யில் 200 ரன் விரட்டும்போது 15 ஓவரில் 80க்கு 6 என்றால் பாதிப் பேர் டிவியை அணைத்துவிடுவோம். பந்து தீர்ந்துகொண்டே வருகிறது, கணக்கு தெரிந்துவிடுகிறது. பேஸ்பாலில் பந்துக்கு எண்ணிக்கை கிடையாது. ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட். கடைசி அவுட் விழும்வரை எத்தனை ரன் வேண்டுமானாலும் எடுக்கலாம். 6 ரன் பின்னால் இருந்தாலும் கதவு திறந்தேதான் இருக்கும். இன்னொன்று, 10 முறை பேட் பிடித்து 3 முறை ஹிட் அடிக்கிறவர், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்கு ஓடிச் சேர்கிறவர், அங்கே பெரிய நட்சத்திரம். தோல்வியைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்கிற விளையாட்டு அது.

"அடுத்த வருடம் கப் நமக்குத்தான்" என்கிற நம்பிக்கை எனக்குப் பிடிக்காது. அது மார்ச்சில் பொங்கி மே மாதத்தில் வடிந்துவிடும். நான் ஆட்களைப் பார்ப்பேன். ஷேன் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். மில்வாக்கி அணி தன் முக்கியப் பட்டியலில் சேர்க்காமல் விட்ட பிட்ச்சர், நம் பாஷையில் பந்து வீசுகிறவர். அப்படி விடப்பட்டவர்களை வேறு அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்கிற ரூல் 5 முறையில் ஒயிட் சாக்ஸ் அவரை எடுத்தது. 2025ல், முதல் சீசனிலேயே, லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அதே வருடம் ஜூலையில் உள்ளே வந்த கோல்சன் மான்ட்கோமரி, பாதி சீசனில் 21 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். தங்களிடம் இருந்த மிகச் சிறந்த பிட்ச்சர் கேரட் க்ரோஷேவை பாஸ்டனுக்குக் கொடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பதிலுக்கு வந்த 4 இளைஞர்களில் கேட்ச்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கைல் டீல் ஆடுவதைப் பார்த்ததும் கொஞ்சம் ஆறியது. 2025ல் 60 வெற்றி, 102 தோல்வி. இன்னமும் மோசம்தான். ஆனால் முந்தைய வருடத்தைவிட 19 வெற்றி அதிகம்.

நடக்காத விஷயமா என்றால், நடந்திருக்கிறது. 120 தோற்ற அந்த மெட்ஸ், 1969ல் உலகத் தொடர், அதாவது அந்த லீக்கின் இறுதித் தொடரின், சாம்பியன். 2013ல் 111 தோற்ற ஹூஸ்டன் 2017ல் கோப்பை வாங்கியது. ஒயிட் சாக்ஸே 1917க்குப் பிறகு 88 வருடம் காத்திருந்து 2005ல் ஜெயித்தது. அந்த 2005 தொடரின் முதல் ஆட்டத்தை கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர்தான் இன்றைய போப் 14ஆம் லியோ. அவரும் நம் கட்சி, மக்களே!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதுரை அணி டிஎன்பிஎல்லின் முதல் இரண்டு சீசனில் எப்படி அடி வாங்கியது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2018ல் அதே அணி மதுரை பேந்தர்ஸ் என்ற பெயரில் பைனலில் திண்டுக்கல்லைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது.

புதிதாகப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். சிகாகோவில் நடக்கும் இரவு ஆட்டங்கள் நமக்கு விடியற்காலை 5 மணியை ஒட்டி ஆரம்பிக்கும். வேலைக்குக் கிளம்புவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். முழு ஆட்டம் முடியாவிட்டால் முதல் 3 இன்னிங்ஸ் மட்டும் பாருங்கள், அதுவும் ஷேன் ஸ்மித் பந்து போடுகிற நாளாகப் பார்த்து உட்காருங்கள். ஆட்டத்தைக் குறித்துவைக்கிற ஸ்கோர்கார்டை எப்படி எழுதுவது என்று அடுத்த வீடியோவில் நோட்டும் பேனாவும் வைத்துக் காட்டுகிறேன்.