எல்லை தாண்டும் கொலையாளி

(காரைக்குடியில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். தொடர் கொலையாளியைப் போலீஸ் தேடும் நாவல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கம்பனைக் கேட்டுப் பழகிய ஊரில் இதையெல்லாமா பேசுவது என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகம் சுளிக்கிறார். ஐயா, கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை நாவலில் கொலையாளியைத்தான் ஊதிப் பெருக்குகிறார்கள். அவனுக்கு அபார மூளை, பிணத்தின் பக்கத்தில் ஒரு சீட்டு, சின்ன வயதில் ஒரு கொடுமை. எனக்கு அலுத்துவிட்டது. நிஜ வழக்குகளைப் படித்துப் பாருங்கள். பலர் தப்பித்துத் திரிந்தது மூளையால் அல்ல. இங்கே இருக்கும் தாள் அங்கே போய்ச் சேராததால்.

ஜாக் தி ரிப்பர் என்று பெயர் வைத்தார்களே, அந்தக் கொலையாளியின் வழக்கு. லண்டன், 1888 செப்டம்பர் 30. ஒரே இரவில் இரண்டு பெண்கள் கொலை. முதலாவது மெட்ரோபாலிடன் போலீஸ் எல்லையில். முக்கால் மணி நேரத்தில், நடந்துபோகும் தூரத்தில், இரண்டாவது. அது சிட்டி போலீஸ் எல்லை. இரண்டாவது பெண்ணின் ஏப்ரன் துணியில் ஒரு துண்டு, ரத்தக் கறையோடு, மறுபடியும் மெட்ரோபாலிடன் பக்கம் ஒரு வாசலில் கிடந்தது. அங்கே சுவரில் யூதர்களைக் குறிப்பிட்டு ஒரு சாக்பீஸ் எழுத்து. விடிந்ததும் போட்டோ எடுத்துவிடலாம் என்றார்கள் சிட்டி போலீஸார். மெட்ரோபாலிடன் கமிஷனர் சார்லஸ் வாரன், அதைப் படித்தால் யூதர்கள்மேல் கலவரம் மூளும் என்று பயந்து அழிக்கச் சொல்லிவிட்டார். கொலைகாரன் எழுதியதுதானா என்று இனி எப்படிப் பார்ப்பது?

இன்னொன்று. இங்கிலாந்தில் பீட்டர் சட்கிளிஃப் என்பவன் 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்றான். நடுவில் ஒன்பது தடவை போலீஸ் அவனை விசாரித்துவிட்டு விட்டுவிட்டது! எல்லாம் அட்டைகளில் எழுதியிருந்தது, அட்டையோடு அட்டை சேரவில்லை. கடைசியில் 1981 ஜனவரியில் காரில் போலி நம்பர் பிளேட் என்று ரோந்து போலீஸார் பிடித்தார்கள். அதுவும் வேறு ஊர் போலீஸ்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1948 மார்ச் வரை கானாடுகாத்தான் சென்னை மாகாணத்து ராமநாதபுரம் ஜில்லா. பக்கத்தில் திருமயம், ராயவரமெல்லாம் புதுக்கோட்டை சமஸ்தானம். ராஜா வேறு, கோர்ட் வேறு, போலீஸ் வேறு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த நகரத்தார் அந்த எல்லையை என்றைக்குப் பார்த்தார்கள்? கொலையாளியும் பார்க்க மாட்டான். இன்ஸ்பெக்டர்தான் பார்த்தாக வேண்டும்.

நகரத்தார் வீட்டைப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, அறைக்கு ஒரு சாவி. சாவிக்காரர் ஒருவர் ரங்கூனில், ஒருவர் பினாங்கில். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் எல்லாக் கதவும் திறக்கும். அதுவரை அடுப்படிப் பக்கம் ஒரு ஆச்சி, திண்ணையில் ஒரு காவல்காரர். அந்த ஆச்சிக்கு ஏதாவது ஆனால் வெளியே தெரிய எத்தனை நாள் ஆகும்? தேடி வர ஆளில்லாதவர்களைத்தான் இந்த மாதிரிக் கொலையாளிகள் பார்த்து எடுக்கிறார்கள். நாவல்காரர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

அப்புறம் அந்தக் கடைசி அத்தியாயம். லாக்கப்பில் கொலையாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், கதை முடிந்துவிடும். 1872 சாட்சியச் சட்டப்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்க உதவாது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் அதே விதிதான். ஆனால் அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அதைக் காட்டிக்கொடுத்த அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆக, ஊருணிச் சேற்றில் அரிவாளைத் தேட வேண்டும், சாட்சி வைத்து, பொருளை எடுத்ததற்கு மகஜர் என்கிற பதிவு எழுத வேண்டும். சாட்சி கோர்ட்டில் பிறழ்ந்துவிடக் கூடாது. உங்கள் சஸ்பென்ஸ் இங்கே இருக்கிறது, துரத்தல் எதற்கு?

இங்கே இருக்கும் இளைஞர் யாராவது எழுதுங்கள். 1947ஆம் வருஷக் கதையாக இருக்கட்டும். ஹீரோ இன்ஸ்பெக்டர் வேண்டாம், ஸ்டேஷன் ரைட்டராக இருக்கட்டும். பேரேடு பார்த்துப் பழகிய செட்டிநாட்டு வாசகருக்கு, இரண்டு ஏட்டில் ஒரே ஆளின் பெயரைக் கண்டுபிடிப்பவனை உடனே பிடித்துப்போகும். முதல் பிரதியை நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், முன்வரிசை ஐயாவுக்கு ஓசியில் கொடுங்கள்.