உளுந்தின் வேரில் உப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, மெழுகுப் பதத்தில் இருக்கிற வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. மிச்ச ஈரமும் பனியும்தான் ஆதாரம். தை மாதம் பயிர் நன்றாக நிற்கும். மாசி வெயில் ஏற ஏற, அடிமண்ணின் ஈரம் மேலே வந்து ஆவியாகும். அதோடு வந்த உப்பு ஆவியாகாது, வேரடியிலேயே தங்கிவிடும். சரியாகப் பூவெடுக்கிற நேரம்!

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு மூடிவைத்தால் நீர் விட்டுக்கொள்கிறதல்லவா? அந்த விசையோடுதான் வேர் மல்லுக்கட்டித் தண்ணீர் எடுக்கவேண்டும். அது முதல் அடி. அப்புறம் சோடியம் உள்ளே நுழைந்து, பொட்டாசியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. அடியிலைகளின் விளிம்பு கருகுவது அதனால்தான்.

ஆனால் இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் நான் எங்கே போனாலும் சொல்வது. பயறுவகைக்கு வேரைப் பார்க்கவேண்டும். ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் வேர்முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும். தண்ணீரில் அலசி, ஒரு வேர்முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தத்து நிறமிக்கு உறவு. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. உப்பு நிலத்தில் முடிச்சே நாலைந்துதான் இருக்கும். முடிச்சுக்குள் குடியிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற ரைசோபியம் பாக்டீரியாக்களில் பல, செடியைவிட அதிக உப்பைத் தாங்கும். அப்படியிருந்தும் வேர்த்தூவி சுருண்டு அவற்றை உள்ளே விடுகிற அந்தக் கட்டம்தான் உப்பில் கெடுகிறது. செடி மஞ்சளாகிறதே என்று யூரியாவை அள்ளி வீசினால், மண்ணில் தழைச்சத்து மிகுந்து, இருக்கிற முடிச்சும் குறையும். மறுபடியும் சொல்கிறேன், வேரைப் பாருங்கள்.

செடி சும்மா இருப்பதில்லை. வேர் சோடியத்தை உணர்ந்த கொஞ்ச நேரத்திலேயே பல மரபணுக்கள் முடுக்கம் பெறுகின்றன. எஸ்ஓஎஸ்1 என்பது சோடியத்தை வெளியே தள்ளும். என்எச்எக்ஸ் அதை உயிரணுவின் நடுப்பையில் அடைத்துவைக்கும். இன்னொன்று புரோலின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்து நீரை இழக்காமல் காக்கும். அந்தப் புரோலின் மரபணுவை 1992-இல் முதலில் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? ராஜஸ்தானின் வறண்ட மணலில் விளையும் மோத் பயறிலிருந்து! உளுந்தின் நெருங்கிய உறவு அது. 1995-இல் அதைப் புகையிலையில் சேர்த்தபோது, புகையிலை உப்பைக் கூடுதலாகத் தாங்கியது. சோயாவில் 2014-இல், உப்பைத் தாங்க உதவுகிற சால்ட்3 என்ற மரபணுவைக் கண்டார்கள். உப்புக்குத் தாங்காத சில ரகங்களிலும் அது இருக்கிறது, ஆனால் நடுவே வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதை முடக்கியிருக்கிறது. தாங்குகிற சோயாவோடு கலந்து அதை மீட்கலாம். நம் உளுந்து ரகங்களிலும் இப்படித் தேடவேண்டும் என்பது என் ஆசை.

நேரம் நெருங்கிவிட்டது, நில மேம்பாட்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உவர் என்பது உப்பு மிகுந்த நிலம், களர் என்பது சோடியம் மிகுந்த கார நிலம். இரண்டும் வேறு வேறு. ஜிப்சம் களருக்கு. உவருக்கு வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். எது உங்கள் வயல் என்பதை மண் பரிசோதனை சொல்லும். மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர். கார அமிலநிலை 8.5-க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் களர். மண் மாதிரியைக் கோடையிலேயே எடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.