கெண்டைக்காலில் எழுதிய வயது

நேயர்களுக்கு வணக்கம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான் பந்தயங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியாளரின் வயதை அவருடைய கெண்டைக்காலில் மார்க்கரால் எழுதிவிடுவார்கள். முப்பது வயதுக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார். அவரைத் தாண்டிப் போகிற காலில் 58 என்று இருக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அயர்ன்மேன் என்பது இந்தப் பந்தயத்தின் நெடுந்தூர வடிவம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் ஒரு முழு மாரத்தான். பொதுவாக 17 மணி நேரம் கெடு. 1978-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதன்முதலாக நடந்தபோது இறங்கிய 15 பேரும் ஆண்கள். அடுத்த ஆண்டே லின் லெமேர் என்ற சைக்கிள் வீராங்கனை வந்து 12 மணி 55 நிமிடத்தில் முடித்துக் காட்டினார். அப்போது ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று இருந்த மிக நீண்ட ஓட்டமே 1,500 மீட்டர்தான். பெண்கள் மாரத்தானை ஒலிம்பிக்கில் சேர்க்க 1984 வரை ஆயிற்று.

இன்றைக்கு இடைவெளி எவ்வளவு? ஜெர்மனியின் ரோத் ஊரில் 2024-ல் இதே தூரத்துக்கு நடந்த பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்களில் மாக்னஸ் டிட்லெவ் 7 மணி 23 நிமிடம். பெண்களில் ஆன் ஹாக் 8 மணி 2 நிமிடம். வித்தியாசம் சுமார் 9 சதவீதம். அன்று ஆன் ஹாக்குக்கு வயது 41 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூறு மீட்டர் ஓட்டத்தில் அந்த வயதில் யாரும் சாதனை படைப்பதில்லை. இங்கே முப்பதுகளின் நடுவில்தான் உச்சமே வருகிறது.

1981 முதல் 2007 வரையிலான ஹவாய் அயர்ன்மேன் முடிவுகளை ரோமுவால் லெப்பர்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அலசிப் பார்த்தார். முன்னணி வீரர்களிடையே ஆண் பெண் வித்தியாசம் நீச்சலில் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளிலும் ஓட்டத்திலும் 13 சதவீதத்தை ஒட்டி. பெண்ணுடலில் கொழுப்பின் பங்கு சற்று அதிகம். தரையில் அது சுமை, தண்ணீரில் மிதவை. கால்கள் தாழாமல் உடல் நீர்மட்டத்தை ஒட்டி நேராகக் கிடப்பதால் தண்ணீரின் தடை குறைகிறது.

வயது ஏற ஏற மூன்றும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சைக்கிள்தான் கடைசி வரை கைகொடுக்கிறது. உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் அந்த எடை முழுவதும் முழங்காலில் வந்து இறங்குகிறது.

சரி, இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐம்பத்தைந்து, அறுபதைத் தாண்டிய பிரிவுகளில் ஆண் பெண் இடைவெளி விரிகிறது என்று புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. மாதவிடாய் நின்ற பின் வரும் மாற்றங்களைக் காரணமாகச் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவுகளில் எத்தனை பெண்கள் இறங்குகிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? ஐந்நூறு பேரில் முதலாமவரையும் இருபது பேரில் முதலாமவரையும் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் முழுவதையும் ஹார்மோன் தலையில் கட்டுவது நியாயமில்லை. இன்று எழுபதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்கள் பள்ளியில் படித்த நாளில் பெண்களுக்கு விளையாட்டு அணிகளே அபூர்வம். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கே வந்ததே 1972-ல்தான். இளையவர்களுக்கு வேறு சிக்கல். பயிற்சிக்கு வாரத்தில் பத்துப் பதினைந்து மணி நேரம் வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்த நேரம் யாருக்கு எளிதாகக் கிடைக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அயர்ன்மேன் உலகப் போட்டிக்கான இடங்களையும் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இறங்குவோர் எண்ணிக்கையைப் பார்த்தே வெகுகாலம் பங்கிட்டார்கள். கணக்குச் சரிதான். ஆனால் ஆள் குறைந்த பிரிவுக்கு இடமும் குறையும். இடம் குறைந்தால் வருகிறவர்களும் தயங்குவார்கள்.

ஜப்பானின் ஹிரோமு இனாடா 2018-ல் ஹவாயின் கோனாவில் நடந்த அந்த உலகப் போட்டியை 85 வயதில் முடித்தார். மூன்றாண்டுக்கு முன் அதே எல்லைக்கோட்டில் ஐந்தே விநாடியில் கெடுவைத் தவறவிட்டவர் அவர். பெண்களில் நேட்டலி கிராபோ 2025-ல் 80 வயதில் 16 மணி 45 நிமிடத்தில் முடித்தார். அவர் நீச்சல் கற்றுக்கொண்டதே 59 வயதில்.

கிராபோ ஓடியது பெண்களுக்கு மட்டுமான பந்தயத்தில். உலகப் போட்டியை ஆண்களுக்கும் பெண்களுக்கும் இரண்டு ஊர்களில் பிரித்து நடத்தத் தொடங்கிய 2023-ல் கோனாவில் இறங்கிய பெண்கள் மட்டுமே சுமார் 2,000 பேர். 2026 முதல் இருவரையும் மறுபடி ஒரே நாளில் கோனாவில் சேர்த்து நடத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். ஒரே நாளில் அந்தச் சின்ன ஊர் தாங்கக்கூடிய கூட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. அதில் பெண்களுக்கு எத்தனை இடம் மிஞ்சும் என்பதைத்தான், வென்றவர்களின் நேரத்தைவிட, நான் முதலில் பார்ப்பேன்.

நன்றி, வணக்கம்.