டபுள் கிளாஸ் ஜன்னல் மங்குது, கலர் கலரா தெரியுது: இது கம்ப்ளைன்ட்டா, வெறும் கறையா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. சத்துவாச்சாரியில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பெட்ரூம்ல யுபிவிசி ஜன்னல்ல டபுள் கிளாஸ் போட்டிருக்காங்க, காலையில எழுந்து பாத்தா கண்ணாடி மங்கலா இருக்குதாம், தொடச்சா போவலியாம், போட்டவர கூப்பிட்டா அவரு மதியானமா வந்து பாத்துட்டு நல்லாதான இருக்குன்னு சொல்லிட்டு போயிட்டாராம். இன்னொரு ஜன்னல்ல எண்ணெய் மிதக்கற மாதிரி கலர் தெரியுதாம். ரெண்டும் கம்ப்ளைன்ட்டா இல்ல போர் தண்ணி கறையான்னு கேக்கறாங்க.

அக்கா, மொதல்ல ஒண்ணு பாருங்க. டபுள் கிளாஸ்னா ரெண்டு கண்ணாடி, அப்போ முகம் நாலு. தெரு பக்கம் இருக்கறது 1, ரூம் பக்கம் இருக்கறது 4, நடுவுல மூடி வெச்ச இடத்துக்குள்ள 2ம் 3ம். கறையோ பனியோ எந்த முகத்துல இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி பதில் வந்துடும். ரூம்ல இருந்து விரல வெச்சு தேய்ங்க, வெளியில கை எட்டுனா அங்கியும் தேய்ங்க. ரெண்டு பக்கமும் விரல் தடம் விழலன்னா அது உள்ள இருக்கு.

நீங்க சொல்றத பாத்தா உள்ளதான். ராத்திரி முழுக்க ஏசி ஓடுது, ரூம் பக்கம் இருக்கற கண்ணாடி சில்லுன்னு ஆவுது, நடுவுல ஈரக்காத்து பூந்திருந்தா அது 3வது முகத்துல பனியா படியுது. ஏசிய நிறுத்தி வெயில் ஏறுனதும் திரும்பவும் ஆவியாயிடுது, அவரு மதியானம் வந்து பாத்தா என்னாத்த தெரியும்? அதனால விடியக்காலம் எழுந்து போட்டோ எடுங்க, விரலால தேச்சும் போவாதத வீடியோவாவே எடுத்து அனுப்புங்க. இல்ல அவரு எதிர்லயே காட்டணும்னா ஐஸ் கட்டிய ஒரு பாலிதீன் கவர்ல போட்டு ரூம் பக்கத்துல கண்ணாடி மேல ஒரு கால் மணி நேரம் அழுத்தி புடிங்க, அப்புறம் எடுத்துட்டு இந்த பக்கம் இருக்கற ஈரத்த துணியால தொடச்சிடுங்க. அதுக்கப்புறமும் அந்த இடத்துல மட்டும் மூட்டமா தெரிஞ்சா சீல், அதாவது ரெண்டு கண்ணாடியையும் ஓரமா மூடி வெச்ச அடைப்பு, போயிடுச்சு, பேச்சே இல்ல. தெரியலன்னா மட்டும் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஈரம் கொஞ்சமா இருந்தா இதுல மாட்டாது.

இன்னா ஆவுதுன்னா, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல ஓரமா ஒரு அலுமினிய பட்டை சுத்தி வரும், அதுக்குள்ள ஈரத்த இழுக்கற குட்டி குட்டி மணி போட்டிருப்பாங்க, பட்டைய கண்ணாடியோட பியூட்டைல்ங்கற ரப்பர் பசை வெச்சு ஒட்டி அதுக்கு வெளிய பாலிசல்ஃபைடோ சிலிக்கானோ போட்டு அடைப்பாங்க. மணிய டப்பா தொறந்து மழைக்காலத்துல அப்படியே விட்டுட்டா அது பட்டைக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஈரத்த குடிச்சிடும். மூலையில சந்து விட்டாலும் அதே கதைதான்.

ஆனா நான் அதிகமா பாக்கறது வேற. ஜன்னல் ஃபிரேமுக்கு அடியில தண்ணி வடியறதுக்கு சின்ன ஓட்டை இருக்கும், எறும்பு வருது பல்லி வருதுன்னு அத சிலிக்கான் வெச்சு அடைச்சிடறாங்க, இல்ல பெயின்டர் பட்டி பூசி மூடிடறாரு. மழை தண்ணி உள்ளயே நின்னுக்கினு கண்ணாடியோட அடி ஓரம் ஊறிக்கினே இருந்தா எந்த சீலும் தாங்காது. புளிச்ச வாசனை வர்ற சிலிக்கான் இருக்குல்ல, விலை கம்மின்னு வாங்குவாங்க, அதையும் இந்த சீல் பக்கத்துல போடக்கூடாது, அரிச்சிடும். உங்க ஜன்னல்ல ஓட்டை தொறந்திருக்கான்னு இன்னிக்கே ஒரு குச்சிய விட்டு பாருங்க.

ஓட்டை போட்டு காய வெச்சு தர்றேன்னு யாராவது சொன்னா வேணாம். டஃபன்ட் கண்ணாடியில, அதாவது சூடு பண்ணி கெட்டியாக்குன கண்ணாடியில, ட்ரில் வெச்சீங்கன்னா மொத்தமா பொடிப்பொடியா போயிடும். சாதா கண்ணாடின்னாலும் ஈரம் குடிச்ச மணி அப்படியேதான இருக்கு, திரும்பவும் வரும். ஃபிரேம கழட்ட தேவையில்ல, கண்ணாடிய புடிச்சிருக்கற ஓர பட்டை, பீடிங்னு சொல்வாங்க, அத எடுத்துட்டு கண்ணாடி செட்ட மட்டும் மாத்துனா போதும். தள்ளிப்போடாதீங்க, ஈரம் ரொம்ப நாள் உள்ள நின்னா கண்ணாடிய அரிச்சு வெள்ளையா பூத்துடும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு. மழை மாசத்துல ஏசி ஓடறப்போ வெளி பக்கம் ஓரத்துல மட்டும் பட்டையா பனி புடிச்சா பயந்துக்காதீங்க, அலுமினிய பட்டை வழியா குளிர் வெளிய வருது, அவ்ளோதான், விரல்ல தேச்சா போயிடும்.

இப்போ கலர். கலர் தெரியற இடத்துல உள்ளங்கைய வெச்சு லேசா அழுத்துங்க. கோடு கோடா நகுந்தா அது கறை இல்ல, ரெண்டு கண்ணாடியும் அச்சா ஒரே தடிமனா இருந்தா வெளிச்சம் அப்படி விளையாடும், கம்ப்ளைன்ட் கெடையாது. நடுவுல மட்டும் வட்டம் வட்டமா வந்தா வேற விஷயம், நடுவுல ரெண்டு கண்ணாடியும் ஒண்ணோட ஒண்ணு கிட்டத்தட்ட தொட்டுக்கினு இருக்குன்னு அர்த்தம், அத மாத்தித்தான் ஆவணும். மொதல்ல சொன்ன கோடு வராம இருக்கவும்தான் காட்பாடியில ரயில் சத்தத்துக்காக போடறவங்ககிட்ட ஒரு பக்கம் 6 எம்எம், இன்னொரு பக்கம் 8 எம்எம்னு தடிமன மாத்தி போடுங்கன்னு சொல்றது. ஒரே தடிமன்னா ரெண்டும் ஒரே மாதிரி அதிரும், சத்தம் உள்ள வந்துடும். மாத்தி போட்டா சத்தமும் கொறையும், அந்த கலர் கோடும் வராது. கூலிங் கிளாஸ் போட்டு பாக்கறப்போ சிறுத்தை தோல் மாதிரி புள்ளி தெரியுதுன்னு சில பேரு கேப்பாங்க, அது டஃபன்ட் பண்ணதோட அடையாளம், போவாது, போவவும் வேணாம்.

டஃபன்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது, அக்னி நட்சத்திரத்துல மேற்கு பாத்த ஜன்னல்ல கருப்பு ஃபிலிம் ஒட்டுனவங்களுக்கு சில சமயம் கண்ணாடி விரிசல் விடும். ஓரத்துல நேரா கிளம்பி அப்புறம் வளைஞ்சு போற ஒத்த கோடுன்னா அது சூட்டுல வந்த விரிசல், யாரும் கல்லெறியல. இன்னொண்ணும் தெரியும் அதுல, டஃபன்ட் கண்ணாடி ஒத்த கோடா விரிசல் விடவே விடாது, உடைஞ்சா மொத்தமா பொடியாதான் ஆவும். பில்லுல டஃபன்ட்னு போட்டு காசு வாங்கியிருந்தா போய் கேளுங்க.

கறைக்கு வர்றேன். நம்ம ஊரு போர் தண்ணியில ஜன்னல கழுவிட்டு அப்படியே வெயில்ல காய விட்டா வெள்ளை புள்ளி வரத்தான் செய்யும். அது 1வது முகத்துல. வினிகரோ எலுமிச்சங்காயோ நனைச்ச துணிய கொஞ்ச நேரம் போட்டு வெச்சு தொடைங்க. பாத்திரம் தேய்க்கற கம்பி நார் வேணாம், கீறல் விழும், பாத்ரூம் ஆசிட் வேணவே வேணாம், கைப்பிடி கீலு எல்லாம் துரு புடிச்சிடும். சிமென்ட் தண்ணி ஒழுகுன தடம் இருந்தா அது கண்ணாடியவே அரிச்சிருக்கும், தொடச்சா போவாது. டம்ளர் சைஸ்ல வட்ட தடம் பனி புடிக்கறப்போ மட்டும் தெரிஞ்சா, ஃபேக்டரியில கண்ணாடிய தூக்குன வேக்கம் கப்பு வெச்ச இடம் அது. அத விடுங்க.

அக்காவோட கேள்வியில கடைசியா ஒண்ணு இருந்துச்சு, ஏலகிரியில அவங்க தம்பி வீட்டுல கண்ணாடி உப்புன மாதிரி இருக்கு, எதிர் வீடு கோணலா தெரியுதுன்னு. ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல, அங்க காத்தழுத்தம் கீழ இருக்கறத விட பத்து சதவீதத்துக்கு மேல கம்மி. சென்னையில மூடுன செட்டுன்னா உள்ள அடைபட்ட காத்து கீழ இருக்கற அழுத்தத்துலயே இருக்கு, மேல போனதும் கண்ணாடிய வெளிய தள்ளுது. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல பனி இல்லாத வரைக்கும் உடனே மாத்தணும்னு இல்ல, ஆனா சீல் எப்பவும் இழுபட்டுக்கினே இருக்கும். புதுசா ஆர்டர் குடுக்கறவங்க மலைக்கு போவுதுன்னு முன்னாடியே சொல்லிடணும், அழுத்தத்த சரி பண்ண மெல்லிசா ஒரு குழாய் வெச்சு தருவாங்க.